ரத்து செய்யச் சொன்னது நான்தான்

1

இந்தக் கதை இரண்டே சொற்களில் பிறந்தது. இரண்டையும் சொன்னவன் நான்.

2020 செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஒஹையோவில் டொலீடோ. என் வீட்டு கராஜ் வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் நான். ஆறடி தள்ளி இன்னொரு மடக்கு நாற்காலியில் பக்கத்து வீட்டு ஜெனீன் நோவிக்கி. தம்பி குடும்பத்தோடு ஃபுளோரிடா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாமா, கொரோனாவை நினைத்து ரத்து செய்துவிடலாமா என்று கேட்டாள். நான் "ரத்து பண்ணிடு" என்றேன்.

அவள் ரத்து செய்தாள். கதை முடிந்தது.

முடிந்துவிட்டதென்றால் ஏன் இத்தனை நாளாக இதை எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். இந்த வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருந்து நாளாகிறது.

2

தொடக்கங்கள் மட்டும் நாலைந்து எழுதிப் பார்த்தேன். ஒன்று இப்படி:

"பெருந்தொற்றுக் காலம் மனித குலத்துக்கு…"

(இதற்கு மேல் போகவில்லை. மனித குலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஜெனீனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.)

இன்னொன்று: "ஜெனீன் நோவிக்கி, வயது அறுபத்திரண்டு, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், திருமணம் ஆகாதவர், உரக்கச் சிரிப்பவர், சிரித்தால் இருமல் வருபவர்." ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் படித்தால் 'காணவில்லை' அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

நான் இருபத்தாறு வருடம் கண்ணாடித் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அறிக்கை எழுதித்தான் பழக்கம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது ஒன்றுதான் எனக்கு வரும். அப்படியே எழுதுகிறேன். ஓரிடத்தில் மட்டும் வரிசையை மாற்றியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஜெனீனுக்கு டேல் என்று ஒரு தம்பி. ஓக்லஹோமாவில் டல்சாவில் இருக்கிறான், வீடுகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் தொழில். 2014இல் அவர்களுடைய அம்மா இறந்தார். கடைசி மூன்று வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது ஜெனீன். அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்து மாடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது யாரோ ஜெனீனைப் பாராட்டியிருக்கிறார்கள். டேல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அவளுக்கு என்ன, வேற வேலையா இருந்துச்சு" என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். ஐந்து வருடம் இருவரும் பேசவில்லை.

"அவன் கெட்ட எண்ணத்துல சொல்லல சேத்," என்பாள் ஜெனீன். "அதான் கஷ்டமே. கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா நாலு அறை குடுத்துட்டு மறந்திருப்பேன். அவன் நெஜமாவே அப்படித்தான் நெனச்சிருக்கான்."

2019 கிறிஸ்துமஸ் அன்று டேல் தானாகக் கூப்பிட்டான். பேத்தி ஹேட்டிக்கு ஐந்து வயது. அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஃபுளோரிடா போகிறோம், நீயும் வா என்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நீயும் வாயேன்" என்றான். ஜெனீனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மார்ச்சில் பூங்காவை மூடிவிட்டார்கள். பயணத்தை அக்டோபருக்குத் தள்ளிப் போட்டார்கள். ஜூலையில் திறந்தார்கள். கூட்டத்தைக் குறைத்து, எல்லோருக்கும் முகமூடி கட்டாயம் என்று அறிவித்துத் திறந்தார்கள். அங்கே ஆரம்பித்தது ஜெனீனின் தலைவேதனை.

3

இங்கே ஒரு சிறு விலகல். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஜெனீன் என்னை "சேத்" என்பாள். சேதுராமன் என்ற பெயரில் அவளுக்குப் பிடித்த பகுதி அது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அந்த மொழியில் எதிராளியை அழைக்க ஒரே சொல்தான். தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. அவள் என்னை "நீ" என்பாளா, "நீங்க" என்பாளா? நான் அவளை? முதல் பிரதியில் இருவரும் "நீங்க" போட்டுக்கொண்டார்கள். வங்கியில் வரிசையில் நிற்பவர்கள் பேசுவது போல இருந்தது. இரண்டாம் பிரதியில் அவள் மட்டும் "நீ". மூன்றாவதில் இருவரும் "நீ". பதினெட்டு வருடம் வேலிக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் எவ்வளவு நெருக்கம் என்பதை நான் முடிவு செய்தது அவள் இந்த ஊரை விட்டுப் போன பிறகு, ஒரு வினைமுற்றைத் திருத்தும்போது.

அந்தக் கோடையில் எனக்கிருந்த மனிதத் தொடர்பு அவள்தான். என் மனைவி தேவகி பிப்ரவரியில் மகளுடைய பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனாள். ஆறு வாரத்தில் திரும்புவதாக இருந்தது. எல்லைகளை மூடிவிட்டார்கள். விமானமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். (விமானம் இருந்தது. குறைவாக இருந்தது. தேவகி அதில் ஏறவில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது.)

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஜெனீன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, ஃபிளாஸ்கில் காப்பி. முதல் நாள் நான் அளவுநாடாவால் ஆறடி அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"நீ லேப்ல வேலை பாத்தவன்னு நிரூபிச்சிட்ட," என்றாள். "கோட்டத் தாண்டினா பஸ்ஸ விட்டு எறக்கிடுவேன், பாத்துக்கோ."

அவளுக்கு நுரையீரல் சரியில்லை. முப்பது வருடம் சிகரெட், முப்பது வருடம் டீசல் புகை. சட்டைப் பையில் எப்போதும் உறிஞ்சி மருந்து இருக்கும். பள்ளிகள் கணினியில் நடந்ததால் அந்த இலையுதிர்காலம் பேருந்து ஓடவில்லை. நாங்கள் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவளுடைய பேருந்தில் பதினொரு வருடம் முன்னால் வாந்தியெடுத்த பையன் இப்போது பல் வைத்தியர். எங்கள் தெருவில் யார் புல் வெட்டவில்லை. தேவகி எப்போது வருவாள். இவ்வளவுதான். செவ்வாய் முடிந்தால் வெள்ளிக்காகக் காத்திருப்பேன்.

விலகல் முடிந்தது. நீளமாகிவிட்டது. வெட்டலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

4

ஹேட்டியை ஜெனீன் நேரில் பார்த்ததில்லை. சண்டைக்குப் பிறகு பிறந்த குழந்தை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாரம் இரண்டு முறை வீடியோவில் பேச ஆரம்பித்தார்கள். சில சமயம் எங்கள் காப்பி நேரத்திலேயே அழைப்பு வரும். ஜெனீன் போனை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொள்வாள். எனக்குக் குரல் மட்டும் கேட்கும்.

"ஜேன் அத்தை! நான் நாப்பத்தி நாலே கால் இஞ்ச்!"

"நேத்து நாப்பத்தி நாலுன்ன?"

"நேத்து ஷூ போடல."

அந்தப் பூங்காவில் மலைக்குள் புகுந்து வரும் ஒரு ரோலர் கோஸ்டர். நாற்பத்து நான்கு அங்குலம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். ஹேட்டிக்கு ஆறு.

"அம்மாவுக்கு பயம். தாத்தாவுக்குத் தல சுத்தும். நீதான் வரணும். நீ பஸ் ஓட்டறவ, உனக்கு பயமே இருக்காது."

"எனக்கும் பயம்தான்டி. கண்ண மூடிக்குவேன்."

"பஸ் ஓட்டும்போதுமா?"

ஜெனீன் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, மருந்தை எடுத்து உறிஞ்சி, மூச்சு திரும்ப இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் போனில் குழந்தை பேசாமல் இருந்தது. பிறகு மெதுவாக, "நான் சிரிப்புக் காட்டியிருக்கக் கூடாது" என்றது.

(ஒரு ஐயம்: ஆறு வயதுக் குழந்தை அப்படிச் சொல்லுமா? மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறையும் திரும்ப எழுதினேன். சொன்னது. நான் கேட்டேன்.)

5

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை.

அக்டோபர் மூன்றாம் தேதி ஃபுளோரிடாவில் இருக்க வேண்டும். ஜெனீன் விமானத்தில் போவதாக இல்லை, தனியாகக் காரிலேயே போவதாகத் திட்டம். இரண்டு நாள் ஓட்டம் அவளுக்கு ஒன்றுமில்லை. போகிறாளா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

"எங்கம்மாவா இருந்தா அனுப்ப மாட்டேன், ஆனா உங்களத் தடுக்கவும் மாட்டேன்னாரு. இது என்ன பதில் சேத்? இந்த மாதிரி பதில் சொல்லவா இத்தன வருஷம் படிச்சாரு?"

"டேல்?"

அவள் காப்பியைத் தரையில் வைத்தாள்.

"அவனுக்கு இதெல்லாம் வெறும் சளி, காய்ச்சல். ஆகஸ்ட்ல பேசறப்ப, 'மூஞ்சிய மூடிக்கிட்டு என்ன வாழ்க்கை'ன்னான். நாள் முழுக்க ஊர்ல ஒவ்வொரு வீட்டு நிலவறைக்கும் எறங்கி ஏர்றவன். அவன் பக்கத்துல ஒரு வாரம் நான் எப்படி உக்காருவேன்? கொஞ்சம் தள்ளி நில்லுடான்னு சொன்னா, 'பாத்தியா, இவ மாறவே இல்ல'ம்பான். சொல்லாட்டி…" கையை நெஞ்சில் வைத்தாள். "இது தாங்காது."

"ம்."

"போகலன்னா, இவ இன்னும் அந்தப் பழச மனசுல வெச்சிருக்கான்னு நெனப்பான். அந்தக் குட்டி வேற ஷூ போட்டு நின்னுக்கிட்டிருக்கு." தெருப் பக்கம் திரும்பினாள். "அவன் எனக்காக ஒரே ஒரு தடவ எதையாவது விட்டுக்குடுத்தான்னு தெரிஞ்சா போதும் சேத். உசிரு போனாலும் பரவாயில்லன்னு கெளம்பிடுவேன். நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"ரத்து பண்ணிடு," என்றேன். பிறகு, "அடுத்த வருஷம் தடுப்பூசி வந்துடும். டேல் எங்க போயிடப் போறான்," என்றும் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையே டல்சாவுக்குக் கூப்பிட்டு, நுரையீரலைக் காரணம் சொல்லி, வரவில்லை என்று சொன்னாள். டேல் "சரி" என்றானாம். அவ்வளவுதானாம்.

6

வரிசையை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. இங்கேதான்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிறு மத்தியானம், எனக்கு ஒரு அழைப்பு வந்தது. முதல் மூன்று பிரதிகளில் இந்த அழைப்பு கிடையாது. அது இல்லாமலே கதை நன்றாக ஓடியது. நல்ல அண்டை வீட்டுக்காரன், அக்கறையான ஆலோசனை. பழைய நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "நெகிழ்ச்சியா இருக்கு" என்றார். அன்றைக்கு அந்தப் பிரதியைக் கிழித்தேன்.

"சேத்தா? நான் டேல் நோவிக்கி. ஜேனோட தம்பி. அவசரத்துக்குன்னு அவ உன் நம்பரக் குடுத்து வெச்சிருந்தா."

நான் பதறிப்போய், "ஜெனீன் நல்லா இருக்கா" என்றேன்.

"தெரியும். இது வேற." அவன் தொண்டையைச் செருமினான். "இங்க பாரு, நான் வேலைக்குப் போய் பத்து நாளாச்சு. பையன் ஒருத்தன் பாத்துக்கறான். பொண்ணு வீட்லேருந்து வேலை. ஹேட்டி வெளிய காலு வைக்கல. மளிக வாசல்ல வெச்சிட்டுப் போறாங்க. கெளம்பற வரைக்கும் இப்படித்தான். ஃபுளோரிடாவுல எடுத்திருக்கற வீட்ல ஜேனுக்குத் தனி வாசல் இருக்கற ரூம். நானும் மாஸ்க் போட்டுக்கறேன். குட்டி எனக்கு ஒண்ணு தச்சுக் குடுத்திருக்கு, பூப் போட்டது. போட்டா கேனையன் மாதிரி இருக்கேன்."

"இத நீங்களே அவகிட்ட சொல்லலாமே."

"நான் சொன்னா நம்ப மாட்டா. நான் ஆறு வருஷம் முன்னாடி ஒரு வார்த்த விட்டேன். அதுலேருந்து நான் பேசற எதுவும் அவ காதுல ஏர்றதில்ல. உன்ன நம்புவா. எப்பப் பேசினாலும் சேத் சொன்னான், சேத் சொன்னான்னுதான். நீ சொல்லிடு." பிறகு அவசரமாக, "கெஞ்சறேன்னு நெனச்சுக்காத. தெரிஞ்சா அவளுக்கு முடிவு பண்ண சுலபமா இருக்கும். அவ்வளவுதான்."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

ஏன் என்று எழுத வேண்டிய பத்தி இது. பல மாதம் வெறுமையாகக் கிடந்தது. "ஏனென்றால் அவளுடைய உடல்நிலை…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "மறதி…" என்று ஆரம்பித்து அதையும் நிறுத்தினேன். நடந்தது இது: அந்த ஞாயிறு மாலை தேவகி பெர்த்திலிருந்து பேசினாள். அங்கே திங்கள் காலை. குழந்தைக்கு முதல் பிறந்தநாள் முடியட்டும், அப்புறம் பார்க்கலாமே என்றாள். நான் "பத்திரமா இரு, அவசரமில்ல" என்றேன். போனை வைத்துவிட்டு நாட்காட்டியை எடுத்தேன். ஜெனீன் போய்வரப் பன்னிரண்டு நாள். திரும்பி வந்து யாரையும் பார்க்காமல் பதினான்கு நாள். எட்டு காப்பி. ஏறக்குறைய ஒரு மாதம் நான் யாரோடும் பேசமாட்டேன். கடைப்பெண்ணிடம் "பை வேண்டாம்" என்று சொல்வதைச் சேர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, "அவன் எனக்காக ஒரே ஒரு தடவ" என்று அவள் சொன்னபோது, அந்தப் பதில் என் வாய்க்குள்தான் இருந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

7

நீங்கள் என் பக்கம் பேச நினைத்தால் பேசலாம், எனக்கு மறுப்பில்லை. தடுப்பூசி வராத காலம். அவளுக்கோ அந்த நுரையீரல். போகாதே என்றது சரியான ஆலோசனை என்று எந்த மருத்துவரும் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் விடை சரியாக இருந்தால் போதும் என்று விடுவதில்லை. எந்த வழியில் வந்தது என்று கேட்போம். தப்பான வழியில் வந்த சரியான விடையைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் சோதனை செய்வோம். இங்கே மறுபடியும் செய்ய வழியில்லை.

அந்த அக்டோபர் வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதியாக வேண்டும். மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. ஜெனீன் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை செய்து, தட்டைக் கோட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நான் எடுத்துச் சாப்பிட்டேன். ஃபுளோரிடாவிலிருந்து அழைப்பு வந்தது.

"ஜேன் அத்தை, நான் அதுல ஏறல."

"ஏன்டி? நாப்பத்தி நாலே கால் ஆச்சே?"

"கூட உக்கார ஆளில்ல."

அதற்குப் பிறகு அழைப்புகள் வாரம் ஒன்றாகி, மாதம் ஒன்றாகின. டேல் தன் பங்குக்குச் செய்ததெல்லாம் அக்காவுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் வரவில்லை என்று நினைத்தான். அவனாக வாய்திறந்து கேட்கிற ஆளில்லை. அவன் எதுவுமே செய்யவில்லை என்று அவள் நினைத்தாள். அவளும் கேட்கிற ஆளில்லை. நடுவில் நான் ஒருவன் இரண்டையும் தெரிந்துகொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

2022 ஜூனில், ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு, ஜெனீன் டல்சாவுக்குக் காரில் போனாள். ஒரு வாரம் என்று போனவள் நாலாம் நாள் வந்துவிட்டாள். நான் கராஜைத் திறந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். கோடு எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. நாற்காலியை அதே தூரத்தில்தான் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல பொண்ணு. உயரமாயிட்டா. கதவெல்லாம் தொறந்து விட்டா." மூடியைத் திருகிக் காப்பி ஊற்றிக்கொண்டாள். "விருந்தாளிக்குத் தொறந்து விடற மாதிரி."

"டேல்?"

"வந்ததுக்குத் தேங்க்ஸ்னான். ஏதோ நான் ஏசி மாத்த வந்த மாதிரி." சிரிக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா ஒண்ணு சேத். எங்க டிப்போல ரெண்டு பேர் போயிட்டாங்க, தெரியுமில்ல. ரெண்டு பேருக்கும் என்னவிட நல்ல நுரையீரல். அன்னிக்கு நீ சொல்லலன்னா நான் கெளம்பியிருப்பேன். இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன்.

அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தபால்காரப் பெண்மணியிடம், மருந்துக்கடைக்காரரிடம், என்னைக் காட்டி, "என் உசிரக் காப்பாத்தினவன்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

8

நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று இருக்கிறது. அதில் நான் எல்லாவற்றையும் ஜெனீனிடம் சொல்லிவிடுகிறேன். அவள் இப்படிச் சொல்கிறாள்:

"எனக்குப் போக பயமா இருந்துச்சு சேத். போகாதன்னு யாராவது சொல்லணும்னு இருந்துச்சு. நீ தனியா இருக்க, நீ அப்படித்தான் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட வந்து கேட்டேன்."

அழகான முடிவு. பழி பாதியாகிவிடுகிறது. எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் எடுத்துப் படித்தபோது, பேசுவது ஜெனீன் இல்லை என்று தெரிந்தது. அவள் குரலில் நான் எனக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குக் காட்டுகிறேன். அவ்வளவு நேர்மை போதும் என்று நினைக்கிறேன். (போதாது.)

இன்னொரு முடிவில் டேல் இறந்துபோகிறான். அது என் கோழைத்தனம். ஒரு சாவு வந்துவிட்டால் யாரும் யாரையும் எதையும் கேட்கமாட்டார்கள்.

டேல் இறக்கவில்லை. 2023 பிப்ரவரியில் அவனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மகளுக்கு வேலை, ஹேட்டிக்குப் பள்ளிக்கூடம், பார்த்துக்கொள்ள ஆளில்லை. டேல் தானே அக்காவைக் கூப்பிட்டான். ஓய்வு பெற்றிருந்த ஜெனீன் அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. காரைக் கிளப்பிவிட்டு, ஜன்னலை இறக்கி, "போயிட்டு வரேன் சேத்" என்றாள். ஆறு வாரம் என்றுதான் போனாள். அப்படியே தங்கிவிட்டாள். ஆகஸ்டில் வீட்டை விற்றாள். இப்போது அங்கே ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். நல்லவர்கள். கையசைப்பார்கள்.

தேவகி 2021 கடைசியில் வந்தாள். ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் மேல் குறையில்லை. அங்கே அவளைக் கூப்பிட ஒரு குழந்தை இருக்கிறது.

9

கடைசி நிகழ்ச்சி. இது நடந்தது போன நவம்பரில், ஒரு ஞாயிறு பிற்பகலில்.

டல்சாவிலிருந்து வீடியோ அழைப்பு. ஜெனீனின் முகம் திரை முழுக்க இருந்தது. சதை போட்டிருந்தாள். பின்னால் சமையலறை. சாய்வு நாற்காலியில் ஒரு ஆள், மடியில் செய்தித்தாள். டேலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஜெனீனின் தாடையேதான்.

"ஹேட்டி, இங்க வா. உனக்குச் சொல்லியிருக்கேனே, சேத். இவன்தான்."

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி திரைக்குள் எட்டிப் பார்த்தாள். நான் மூன்று வருடத்துக்கு முன்னால் குரலாக மட்டும் அறிந்த குழந்தை.

"நீங்கதானா ஜேன் அத்தையக் காப்பாத்தினது?"

நான் சிரித்து வைத்தேன்.

"தேங்க் யூ," என்றாள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்துச் சொன்னது போல இல்லை. நிஜமாகவே சொன்னாள். பிறகு, "எனக்கு அப்ப உங்க மேல கோவம். சின்னப் பொண்ணில்ல, தெரியாது," என்றாள்.

"போகாதன்னு சொன்னது இவன்தான்," என்று ஜெனீன் தோளுக்கு மேலே திரும்பித் தம்பியிடம் சொன்னாள். "நான் கிறுக்குத்தனமா கெளம்ப இருந்தேன். இவன்தான் நிறுத்தினான்."

செய்தித்தாள் இறங்கியது.

டேல் எழுந்து வந்தான். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அறுவை முடிந்தவர்கள் நடப்பது போல வந்தான். குனிந்து திரையைப் பார்த்தான். கோபமில்லை. கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று யோசிப்பவன் முகம்.

"சேத்," என்றான். "கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழம உனக்கு போன் பண்ணேனே. இவகிட்ட சொல்லச் சொன்னேன். சொன்னியா?"

ஜெனீன் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லச் சொன்ன?" என்று அவனிடம்தான் கேட்டாள், ஆனால் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

மூன்று முகம் திரையில். நான்காவதாக, மூலையில் சின்னச் சதுரத்தில், நான். என் வாய் லேசாகத் திறந்திருந்தது எனக்கே தெரிந்தது.

"சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். டேல் என்னை நம்பியிருப்பான், அக்காவை நம்பியிருக்கமாட்டான். "மறந்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அறுபத்தைந்து தாண்டியவனின் மறதியை எல்லோரும் மன்னிப்பார்கள். ஹேட்டி சிரித்திருப்பாள்கூட. மூன்றாவது ஒன்றும் இருந்தது. நீளமானது. அதைச் சொல்லி முடிக்க இந்தக் கதை அளவு நேரம் பிடிக்கும். கேட்டு முடித்த பிறகு ஜெனீனுக்கு உயிரைக் காப்பாற்றியவன் என்று ஒருவன் இருக்கமாட்டான். தம்பி கிடைப்பான், மூன்று வருடம் பிந்தி.

அந்த மூன்றில் ஒன்றை நான் சொன்னேன். பேசாமல் போனை வைக்கவில்லை. அந்த அளவுக்கு என்னை நம்பலாம்.

எதைச் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. எழுதி வைத்த தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் நீங்கள் என்னை மன்னிப்பீர்கள், அல்லது மாட்டீர்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு இது முடிந்துபோகும். முடிந்துபோக நான் இன்னும் தயாரில்லை. நீங்களே ஒன்றை வைத்து முடித்துக்கொள்ளுங்கள். என்னை உங்களுக்கு இப்போது ஓரளவு தெரியும்.

ஜெனீன் அதற்குப் பிறகும் கூப்பிடுகிறாள். போன வாரம்கூட, ஹேட்டியின் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், இரண்டு நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறாள் என்று இருபது நிமிடம் பேசினாள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். நான் எதைச் சொல்லியிருந்தாலும் ஜெனீன் கூப்பிடுவாள்.